பெரியவர் வந்திருக்காரு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். சந்தேகம் அதைவிடச் சீக்கிரம் வரும். ஆட்கள் மேல் வரும் சந்தேகம் இல்லை, பொருட்கள் மேல் வருவது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சின்ன வயதில் மஞ்சூரில் அப்பாவின் டார்ச் லைட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்தேன். கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்த அப்பா என்னைத் திட்டவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க இன்னொரு டார்ச்சையும் கழற்றிவிட்டார். அன்று சாயந்திரம் கரண்ட் போனபோது எங்கள் வீட்டில் மட்டும் மெழுகுவர்த்தி எரிந்தது.

அந்த அப்பா பதினோரு வருடமாக என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். என்னோடு பேசாமல் இல்லை. வாரா வாரம் போனில் பேசுவார். மழை எப்படி, பஸ் ஓடுகிறதா, வோல்டேஜ் சரியாக வருகிறதா என்று எல்லாம் விசாரிப்பார். என் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். நானாக அவர் பேச்சை எடுத்தால் அந்தப் பக்கம் 'ம்' கூட வராது. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்ப்பேன்.

என் வீட்டுக்காரருக்குக் குன்னூர் பக்கத்தில் ஒரு டீ ஃபேக்டரியில் வேலை. நானோ தேவர்சோலையைத் தாண்டி ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க். அவர் சனிக்கிழமை சாயந்திரம் வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போவார். வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் நல்ல டீத்தூளாகக் கால் கிலோ பொட்டலம் கட்டி, மஞ்சூர் பஸ் கண்டக்டரிடம் அப்பாவுக்குக் கொடுத்து அனுப்புவார். பொட்டலம் திரும்பி வந்ததும் இல்லை, பதில் வந்ததும் இல்லை. "குடிக்கறாரில்ல, அது போதும்" என்பார். எனக்கு அந்தப் பொறுமையைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

மாமா என்று கூப்பிட அவருக்கு வழி இல்லாமல் போயிற்று. மாப்பிள்ளை என்று அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால்தானே இவர் மாமா என்று சொல்ல முடியும்? அதனால் எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் 'பெரியவர்' என்று பெயர். "பெரியவர் போன் பண்ணாரா?", "பெரியவருக்கு இருமல் எப்படி?" என்றுதான் கேட்பார். பதினோரு வருடத்தில் அது எங்கள் இரண்டு பேருக்கும் பழகிப்போன சொல்லாகிவிட்டது.

எங்கள் எஸ்டேட்டில் பெரியவர் என்றால் வேறு.

இங்கே கொழுந்து எடுக்கும் பெண்கள் யாரும் யானை என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூப்பிட்டதாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. 'அது வந்துச்சு' என்று அஃறிணையில் பேசுவதும் கிடையாது. பெரியவர் வந்தார், பெரியவர் பலா மரத்தை முறித்துப் போட்டார், பெரியவர் ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார் என்று மரியாதையாகத்தான் பேச்சு. நான் இங்கே வேலைக்கு வந்த முதல் வாரத்தில், யாரோ வயசானவர் தொழிலாளர் லைன் வீடுகளில் ரொம்ப அட்டகாசம் பண்ணுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் அப்படியே பேசக் கற்றுக்கொண்டேன். நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனாலும் அந்தச் சொல்லை மட்டும் வாயால் சொல்வதில்லை.

போன வருடம் பத்தாம் நம்பர் மலையில், எடை போடும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டார்கள். அதன் உச்சியில் கேமரா. அது உடம்புச் சூட்டைப் பார்க்கிற கேமரா, மூடுபனியிலும் அதற்குக் கண் தெரியும். யானை வந்தால் கண்டுபிடித்து, எஸ்டேட்டில் இருக்கிற அத்தனை போனுக்கும் தானாகவே அழைப்பு அனுப்பும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு சின்ன கம்பெனி வந்து வைத்தது. அவர்களில் லேப்டாப்பும் கையுமாக இருந்த ஒரு பொறியாளர் பெண்ணை நான் விடவே இல்லை. மாட்டுக்கும் பெரியவருக்கும் அதற்கு எப்படி வித்தியாசம் தெரியும்? குட்டி தனியாக வந்தால்? மழையில் நனைந்த பெரியவர் குளிர்ந்து போயிருக்க மாட்டாரா? அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கியிருக்கிறார்களாம். முதல் மாதம் அது கொழுந்து லாரியின் சூடான இன்ஜினை இரண்டு முறை யானை என்று சொல்லிற்று. டிரைவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

கேமரா திருந்திவிட்டது. ஆட்கள்தான் திருந்தவில்லை. அழைப்பில் வந்த குரல் சென்னையில் யாரோ பேசிப் பதிவு செய்தது. "எச்சரிக்கை. உங்கள் பகுதியில் யானை நடமாட்டம் கண்டறியப்பட்டுள்ளது" என்று ஆரம்பிக்கும். 'எச்சரிக்கை' வந்தவுடனே நம் ஜனங்கள் மனை விற்கிறவர்கள் என்று நினைத்துக் கட் பண்ணிவிடுவார்கள். இன்னும் சிலர் 'யானை' என்ற சொல் காதில் விழுந்ததும் பயந்து கட் பண்ணினார்கள். ஒருநாள் காலை அப்படிக் கட் பண்ணிவிட்டு மலைக்குப் போன ஒரு அம்மா, தேயிலைச் செடிகளுக்கு நடுவே பெரியவரை நேருக்கு நேர் பார்த்து, கொழுந்துப் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து என்னைத்தான் திட்டினார்.

"ஏங் கிளார்க்கம்மா, பெரியவர் வந்திருக்காருன்னு நம்ம பாஷையில ஒரு வார்த்தை சொல்லப்படாதா? அது யாரு, எப்பப் பார்த்தாலும் நியூஸ் வாசிக்கறது?"

கோயம்புத்தூர்ப் பொறியாளர் பெண்ணுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப நீங்களே பேசிக் குடுங்கக்கா" என்றாள்.

அவள் வந்ததும், எஸ்டேட் ஸ்டோர் ரூமில் உரமூட்டைகளுக்கு நடுவே, சுற்றிலும் கம்பளி தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் பேசினேன். தகரக் கூரையில் மழை விழும்போதெல்லாம் நிறுத்திவிட்டு, டீ குடித்து, மறுபடி தொடங்கினோம். அவள் கொடுத்த தாளில் சம்பந்தமே இல்லாத வாக்கியங்கள்தான் நிறைய இருந்தன. தக்காளி, ரயில், கல்யாணம் என்று என்னென்னவோ. பேசிப் பேசி நிதானம் தவறும்போதெல்லாம் "மெதுவாக்கா, கோபமில்லாம" என்று கையால் அமர்த்தினாள். ஒரு வரியில் மட்டும் 'யானை' என்று இருந்தது. அதை நான் சொல்ல மாட்டேன் என்று தாளைத் தள்ளி வைத்துவிட்டேன்.

"பரவால்லக்கா. நீங்க சொல்லாட்டியும் உங்க குரல் சொல்லும்."

"அதெப்படி? சொல்லாத சொல்லை எங்கிருந்து எடுக்கும்?"

"உங்க குரல் எப்படின்னு கத்துக்கிட்டா போதுங்கக்கா. அப்புறம் நான் எதை டைப் பண்ணாலும் நீங்க பேசற மாதிரியே பேசும்."

சும்மா விடுவேனா? டைப் பண்ணிக் காட்டச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அனுப்பினாள். நான் ஒருநாளும் சொல்லியிராத ஒரு வாக்கியத்தை என் குரல் சொல்லிற்று: "இன்னைக்கு எனக்குக் கோபமே வரலைங்க." விழுந்து விழுந்து சிரித்தேன். பத்துத் தடவை கேட்டிருப்பேன். பதினோராவது தடவை கேட்கும்போது சிரிப்பு வரவில்லை. என்ன என்று சரியாகப் பிடிபடவில்லை. என் பீரோ சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

ஆனால் வேலை நடந்தது. அதில் பொய் இல்லை. "வணக்கமுங்க. பெரியவர் வந்திருக்காரு" என்று என் குரலில் அழைப்பு வந்ததும் ஜனங்கள் நின்றார்கள், முழுவதும் கேட்டார்கள், வேறு பாதையில் போனார்கள். ஒரு அம்மா பதிவுக் குரலுக்கே "சரிங்க கிளார்க்கம்மா, சாப்ட்டீங்களா?" என்று பதில் சொல்லியிருக்கிறார். மறுநாள் வந்து, நான் மதிக்காமல் போனை வைத்துவிட்டதாக வருத்தப்பட்டார். நான் அடுப்படியில் ரசம் கொதிக்கும்போது பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் ஒரே நேரத்தில் நான் பேசுவது கேட்கும். கரண்டியைப் பிடித்தபடி நின்று கேட்பேன். எனக்கு அது அலுக்கவே இல்லை.

வீட்டுக்காரரிடம் இதை நான் சொல்லவில்லை. வாரக் கடைசியில் வந்து போகிறவர் என்பதால் அழைப்பு போகிற பட்டியலில் அவர் நம்பர் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை நானே அதைச் சேர்த்தேன். சொல்லாமல் கொள்ளாமல் என் குரல் வந்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க ஆசை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் போனில் பேட்டரி போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. சார்ஜர் ஒயரை உருவினால் ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடும். வெளியே போனால் யார் போனையாவது வாங்கித்தான் அவருக்குப் பேசுவேன். தெரியாத நம்பரிலிருந்து என் குரல் வருவது அவருக்குப் பழக்கம்.

அடுத்த நாள், சனிக்கிழமை, ஆறு மணி இருக்கும். மூடுபனி இறங்கிவிட்டது. என் போன் அடித்தது. "வணக்கமுங்க. பெரியவர் வந்திருக்காரு. பத்தாம் நம்பர்ல எடை போடற கொட்டகை பக்கத்துல நிக்கறாரு. யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க." என் குரலை நானே கேட்டுவிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அவர் இந்நேரம் தேவர்சோலையில் பஸ் இறங்கி, டீக்கடையில் நிறுத்தி வைத்திருக்கும் ஸ்கூட்டரை எடுத்திருப்பார். அவருக்கும் இதே அழைப்பு போயிருக்கும், கடையிலேயே உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். கொஞ்சம் சிரித்தும் கொண்டேன்.

இரண்டு நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். ஸ்கூட்டர் சத்தத்துக்கு மேல் கத்தினார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

"நீ சொன்னது பாதியில கட்டாயிருச்சு. பெரியவர் வந்துட்டாரா! எதுக்கு இந்தப் பனியில கொட்டகைகிட்ட நிக்க வெச்சிருக்கே? நான் போய்க் கூட்டிட்டு வந்தர்றேன். நீ காப்பி போடு."

கட்டாகிவிட்டது.

அந்த ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. வளைவில் சிக்னல் போய், 'கொட்டகை பக்கத்துல நிக்கறாரு' வரைக்கும்தான் அவருக்குக் கேட்டிருக்கிறது. இந்தச் சொல்லுக்கு எஸ்டேட்டில் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் என் குரலில், அவர் போனுக்கு, 'பெரியவர் வந்திருக்காரு' என்று வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பதினோரு வருடமாக அவர் காத்துக்கொண்டிருந்த செய்தி அது. நான்தான் அந்தச் சொல்லை வையுங்கள் என்று சண்டை போட்டு வைத்தவள். 

திரும்பக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அதுவே. ஓடலாம் என்றால் கொட்டகை ஒரு கிலோமீட்டர். அவர் ஸ்கூட்டரில் போகிறார். அப்போதுதான் கம்பத்தில் கேமராவுக்குக் கீழே ஒரு ஒலிபெருக்கி கட்டியிருப்பது ஞாபகம் வந்தது. ஆபத்துக்கு மட்டும் என்று வைத்தது. சத்தத்தில் யானை மிரளும் என்பதால் அதைத் தானாக ஓட விடாமல், கோயம்புத்தூரிலிருந்து கையால் இயக்கும்படி வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். சார்ஜர் ஒயர் நீளத்துக்கு மேல் நகர முடியாமல், சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் ஒரு கேள்வி கூடக் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை.

"என்னன்னு டைப் பண்ணட்டும்க்கா?"

பெரியவர் என்று சொன்னால் இன்னும் வேகமாகத்தான் போவார். வேறு வழி இல்லை.

"ஏனுங்க, யானை. அப்பா இல்ல, யானை. திரும்புங்க. இதைப் போடு!"

போனில் அவளிடம் சொன்னேன் என்றாலும் நான் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். பனிக்குள் எங்கிருந்தோ, மெல்லியதாக, மலை ஏறி வந்தது என் குரல். ஏனுங்க, யானை. அப்பா இல்ல, யானை. திரும்புங்க. கத்தல் இல்லை, பதற்றம் இல்லை. கடைக்காரரிடம் உப்பு கேட்கிற தொனியில் மூன்று முறை சொல்லிற்று. ஸ்டோர் ரூமில் நான் பேசிக் கொடுத்தது அந்த நிதானத்தைத்தானே, அதனிடம் அதுதான் இருந்தது. இந்தப் பக்கம் நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, கீழ்ப் பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். பாதித் தூரம் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.  குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். வளைவில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்திருக்கிறார். வயசானவர் நனைவாரே என்று குடை. மரியாதைக்கு ஹெல்மெட்டைக் கழற்றியது. கொட்டகைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்ததைச் சுவர் என்று நினைத்து, அதற்குப் பின்னால் அப்பா நிற்கிறார் என்று, "வாங்க மாமா, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே போயிருக்கிறார். பதினோரு வருடத்தில் முதல் 'மாமா'.

"நீ கத்தியிருந்தா என்னமோ திட்டறேன்னு கிட்டத்துல போயிருப்பேன்" என்றார். "அவ்வளவு நிதானமா பேசினியா, பயந்துட்டேன். நீ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல."

சிரிக்க முயன்றேன், முடியவில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்பப் பெரியவர் வரலையா?"

யானைக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தவர் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்தப் பெண் விசாரிக்கக் கூப்பிட்டபோது நன்றி சொன்னேன். அழைப்பில் இனிமேல் 'காட்டுப் பெரியவர்' என்று மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். போனை வைப்பதற்கு முன்னால், "ஒருத்தர் குரலைக் கத்துக்க எவ்வளவு நேரம் பேசினது வேணும்?" என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் நிறைய எடுத்தோம்க்கா. அவசரத்துக்கு ஒரு நிமிஷம் இருந்தாலே போதும். ஏன்?" என்றாள். சும்மாதான் என்றேன்.

சும்மா இல்லை. அப்பாவுக்கு டைப் பண்ண வராது, எல்லாம் குரல் செய்திதான் அனுப்புவார். என் போனில் அவர் பேசியது மணிக்கணக்கில் கிடக்கிறது. 'வர்றேன் மாப்பிள்ளை' என்று அந்தக் குரலில் ஒரே ஒரு வரி. கேட்டால் இவர் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடாத எனக்கு இது பெரிய வேலை இல்லை. யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. அப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தே எனக்குப் பயம் வந்தது. இதைச் செய்ய எனக்கே தோன்றியது என்றால் வேறு யாருக்குத்தான் தோன்றாது?

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒயர் மாட்டிய போனில், சுவரோரமாக உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். குடை, ஹெல்மெட், 'வாங்க மாமா' எல்லாம். அவர் நடுவில் கேட்டதெல்லாம் கம்பம் எத்தனை அடி, கேமராவுக்குக் கரண்ட் எங்கிருந்து, மழையில் ஒலிபெருக்கி நனையாதா என்றுதான். இவரிடமிருந்துதான் எனக்கு இந்தப் புத்தி வந்தது. எல்லாவற்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். கடைசியில், "இவ்வளவுதான். வேற என்ன தெரியணும்?" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வழக்கம்போல லைன் கட்டாகிவிட்டதா என்று போனை எடுத்துப் பார்த்தேன். ஆகவில்லை.

"ஏங்கண்ணு" என்றார் அப்பா. "ஸ்கூட்டர்ல லைட்டு சரியா எரியுதா அவருக்கு?"

 போனைக் கையால் மூடிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் அப்பா கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். எழுந்து போனார். பட்டப்பகலில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணி, லைட்டைப் போட்டு, முன்னால் போய்க் குனிந்து கையை வைத்துப் பார்த்தார்.

"எரியுதுங்க மாமான்னு சொல்லு" என்றார்.